ரிப்போர்ட்டில் ‘டிபி53 மியூட்டேஷன்’ என்று வந்தால் அது குடும்ப நோயா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து புற்றுநோய் வைத்தியத்துக்குப் போகிறவர்களில் பலர் பெங்களூருக்கு பஸ் ஏறுகிறார்கள். மற்றவர்களுக்குச் சேலம், இல்லையென்றால் சென்னை. கையில் ஒரு ஃபைல், அதோடு பிளாஸ்டிக் கவரில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்ட ‘பிளாக்’. உடம்பிலிருந்து எடுத்த சதைத் துணுக்கை மெழுகில் பதித்து வைத்த துண்டு அது, தீப்பெட்டியைவிடச் சின்னது. முன்பெல்லாம் அதைப் பார்த்து என்ன வகைப் புற்று என்று ஒரு பக்கத்தில் எழுதித் தருவார்கள். இப்போது பலருக்கு அதே பிளாக்கிலிருந்து ஒரு மரபணு ரிப்போர்ட்டும் வருகிறது. பத்துப் பதினைந்து பக்கம், முழுக்க இங்கிலீஷ். முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் ‘டிபி53 மியூட்டேஷன் கண்டறியப்பட்டது’ என்றிருக்கும். டிபி53 என்பது ஒரு மரபணுவின் பெயர், மியூட்டேஷன் என்றால் அதில் ஏற்பட்ட மாற்றம்.

வீட்டில் காலேஜ் படிக்கிற பையன் அதைப் படித்துவிட்டு ‘ஜீன்ல கோளாறாம்’ என்கிறான். ராத்திரிக்குள் பங்காளி வீடு வரை செய்தி போய்விடுகிறது: ‘அவங்க குடும்பத்துக்கே இருக்காம்.’ அடுத்த வாரம் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் ‘யோசிச்சுச் சொல்றோம்’ என்கிறார்கள்.

இந்தக் குழப்பத்தில் பாதிப் பழி தமிழ்ச் சொல்லுக்கே சேரும். ‘மரபணு’ என்ற சொல்லிலேயே ‘மரபு’ இருக்கிறது. அதனால் ‘மரபணுவில் பிழை’ என்றதும் ‘மரபுவழி வந்த பிழை’ என்று காதில் விழுகிறது. இரண்டும் வேறு. புற்றுநோய்களில் ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதம் மட்டுமே பெற்றோரிடமிருந்து வந்த மரபணுப் பிழையால் வருபவை. ஆனால் மரபணுவில் பிழை இல்லாத புற்றுநோய் என்று ஒன்று அநேகமாகக் கிடையாது. இந்த இரண்டு வாக்கியமும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் இங்கே விளக்க வேண்டியது.

## முதலில் கொஞ்சம் அடிப்படை

நம் உடம்பில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள். ரத்தச் சிவப்பணு போன்ற ஓரிரண்டு வகையைத் தவிர ஒவ்வொரு செல்லுக்குள்ளும் முழு டிஎன்ஏ இருக்கிறது. ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளில் 300 கோடி எழுத்து நீளம். அதுவும் இரண்டு தொகுப்பு, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. இந்த நீளத்தில் ஆங்காங்கே புரதம் செய்யும் குறிப்புகள் உண்டு. அவைதாம் மரபணுக்கள், ஏறத்தாழ 20,000. ஆக, ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் பொதுவாக இரண்டு பிரதியாக இருக்கிறது. இந்த ‘இரண்டு பிரதி’யை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரை தேவைப்படும்.

இனி வரப்போகும் மூன்று சொற்கள்:

1. மியூட்டேஷன்: டிஎன்ஏ எழுத்தில் ஏற்படும் மாற்றம். பள்ளிப் பாடப் புத்தகத்தில் ‘திடீர்மாற்றம்’ என்று இருக்கும். ஓர் எழுத்து மாறலாம், சில எழுத்து விடுபடலாம், ஒரு மரபணுவே காணாமல் போகலாம். பெரும்பாலான மாற்றங்களால் ஒன்றும் ஆவதில்லை.
2. பிறவிப் பிழை: விந்திலோ கருமுட்டையிலோ இருந்து வந்தது. உடம்பின் எல்லா செல்லிலும் இருக்கும். ரத்தத்தில் பார்த்தாலும் தெரியும், எச்சிலில் பார்த்தாலும் தெரியும். பிள்ளைக்குப் போக வாய்ப்பு உண்டு.
3. பிற்காலப் பிழை: பிறந்த பிறகு, நுரையீரலிலோ குடலிலோ ஏதோ ஒரு செல்லில் ஏற்பட்டது. அந்தச் செல்லிலும் அதிலிருந்து பிரிந்து பெருகியவற்றிலும் மட்டும் இருக்கும். பிள்ளைக்குப் போகாது.

போச்சம்பள்ளி பக்கம் சந்தூரில் மாங்கன்று போடுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று புரியும். கொட்டையிலேயே கோளாறு இருந்தால் அதிலிருந்து முளைக்கும் மரம் முழுக்க அது இருக்கும். வளர்ந்த மரத்தில் ஒரு கிளையில் மட்டும் கோளாறு வந்தால் அது அந்தக் கிளையோடு சரி. (அந்தக் கிளையிலிருந்தே குச்சி வெட்டி ஒட்டுக் கட்டினால் கதை வேறு. மனிதர்களை யாரும் ஒட்டுக் கட்டுவதில்லை.)

## தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரி

தர்மபுரியிலிருந்து சேலம் போகிற வழியில் தொப்பூர் இறக்கம். அங்கே விபத்து என்றால் பெரும்பாலும் ஒரே மாதிரிக் கதைதான். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டிருப்பார்கள், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போயிருக்கும்.

செல் பெருகுவதும் இறக்கத்தில் ஓடுவது போலத்தான். புண் ஆற, முடி வளர, ரத்தம் ஊற, செல்கள் பிரிந்துகொண்டே இருக்க வேண்டும். ‘பிரி, பிரி’ என்று தள்ளும் மரபணுக்கள் உண்டு. ‘நில்’ என்று பிடிக்கும் மரபணுக்களும் உண்டு. தள்ளுபவை கெட்டுப்போய் ஆக்ஸிலரேட்டர் அழுந்தியபடியே சிக்கிக்கொண்டால் அவற்றுக்குப் புற்றுத்தூண்டி மரபணு என்று பெயர். பிடிப்பவைதாம் கட்டி அடக்கி மரபணுக்கள்.

சேதம் நடக்கும் விதத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. ஆக்ஸிலரேட்டர் சிக்கிக்கொள்ள ஒரு பிரதி கெட்டாலே போதும். பிரேக் அப்படியல்ல. ஒரு பிரதி போனாலும் இன்னொரு பிரதி வண்டியைப் பிடித்து நிறுத்திவிடும். இரண்டும் போனால்தான் ஆபத்து.

கட்டி அடக்கி மரபணுக்கள் எல்லாமே நேரடி பிரேக்கும் அல்ல. இரண்டு ஜாதி:

1. செல் பிரிவதை நேரடியாகத் தடுப்பவை. ஆர்பி1, டிபி53, குடலில் ஏபிசி ஆகியவை இந்த வகை.
2. டிஎன்ஏ சேதத்தைப் பழுது பார்ப்பவை. மெக்கானிக் வேலை. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2, எம்எல்எச்1, எம்எஸ்எச்2 இந்த வகை. இவை போனால் வண்டி உடனே கவிழாது. ஆனால் மற்ற உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே வரும்.

## 48 குழந்தைகளும் ஒரு கிராஃபும்

‘இரண்டும் போக வேண்டும்’ என்பது எப்படித் தெரிந்தது? மரபணுவை எழுத்து எழுத்தாகப் படிக்கும் வசதி வருவதற்கு முன்பே, வெறும் காகிதக் கணக்கில் தெரிந்தது.

1971-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் இருந்த ஆல்ஃபிரட் நட்சன் என்ற மருத்துவர் விழித்திரைப் புற்று வந்த 48 குழந்தைகளின் பழைய ஃபைல்களை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சின்னக் குழந்தைகளின் கண்ணில் வரும் புற்று இது. சிலருக்கு இரண்டு கண்ணிலும் வரும், சிலருக்கு ஒரு கண்ணில் மட்டும். இரண்டு கண்ணிலும் வந்தவர்களுக்கு நோய் சீக்கிரமே, பெரும்பாலும் ஒன்று ஒன்றரை வயதுக்குள் தெரிந்துவிட்டது. ஒரு கண்ணில் வந்தவர்களுக்குச் சற்றுத் தாமதம்.

எந்த வயதில் எத்தனை குழந்தைக்கு நோய் வெளிப்பட்டது என்று அவர் கிராஃப் போட்டார். இரண்டு கண் கூட்டத்தின் கோடு, ஒரே ஒரு தற்செயல் அடி விழுந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஒரு கண் கூட்டத்தின் கோடு, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு அடி விழ வேண்டியிருந்தால் எப்படி வளையுமோ அப்படி வளைந்தது. நட்சன் சொன்ன விளக்கம் எளிமையானது. எல்லாருக்கும் தேவைப்படுவது இரண்டு அடி. முதல் கூட்டத்துக்கு முதல் அடி கருவிலேயே விழுந்துவிட்டது. விழித்திரையின் எல்லா செல்லும் ஒரே பிரேக்கோடு பிறந்திருக்கின்றன, எந்தச் செல்லில் இரண்டாம் அடி விழுந்தாலும் கட்டி. இரண்டாவது கூட்டத்துக்கு, ஏதோ ஒரு செல்லில் இரண்டு அடியும் தற்செயலாக விழ வேண்டும். அதற்கு நாளாகும், இரண்டு கண்ணிலும் நடப்பது அபூர்வம்.

அவர் ஊகித்த மரபணு 1986-இல் கையில் கிடைத்தது. 13-ஆம் குரோமோசோமில் இருக்கும் ஆர்பி1. கணக்கு சரியாகவே இருந்தது.

இதை இங்கே விரிவாகச் சொல்ல நடைமுறைக் காரணமும் உண்டு. செல்போனில் ஃபிளாஷ் போட்டுக் குழந்தையைப் படம் எடுக்கும்போது ஒரு கண்மணி சிவப்பாகவும் இன்னொன்று பூனைக்கண் மாதிரி வெள்ளையாகவும் தெரிந்தால், அதைப் போட்டோக் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது. காரணம் வேறாகவும் இருக்கலாம். ஆனால் அந்த வாரமே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். விழித்திரைப் புற்று சீக்கிரம் பிடிபட்டால் பெரும்பாலும் குணமாகும், பல சமயம் பார்வையும் தப்பும்.

## டிபி53: பத்து வருடம் வில்லனாக நடித்த காவலாளி

மனிதப் புற்றுகளில் அதிகமாகக் கெட்டுப்போகும் ஒற்றை மரபணு டிபி53. ஏறத்தாழ பாதிப் புற்றுகளில் இது சேதமாகியிருக்கும். அது செய்யும் புரதத்துக்குப் பெயர் பி53. 53,000 டால்டன் (மூலக்கூறுகளின் எடையை அளக்கும் அலகு) எடை இருப்பதாகச் சோதனையில் தெரிந்ததால் அந்தப் பெயர். பின்னால் சரியாகக் கணக்குப் போட்டபோது எடை 44,000-க்கும் கீழே என்று தெரிந்தது. பெயரை யாரும் மாற்றவில்லை.

1979-இல் கண்டுபிடித்தபோது இதைப் புற்றுத்தூண்டி என்றே நினைத்தார்கள். கட்டிகளில் அது குவிந்து கிடந்தது, சோதனைச் செல்லுக்குள் நுழைத்தால் செல் கெட்டது. பத்து வருடம் கழித்து, 1989-இல்தான் குட்டு வெளிப்பட்டது. அதுவரை ஆய்வகங்கள் பலவற்றில் புழங்கிய பி53 பிரதியே கெட்டுப்போன பிரதி. நல்ல பிரதியை வைத்துப் பார்த்தால் அது பெருக்கத்தை நிறுத்தியது.

நல்ல பி53 என்ன செய்கிறது? ஓசூரைத் தாண்டி ஜூஜூவாடி செக்போஸ்டில் லாரியை ஓரம்கட்டி காகிதம் பார்ப்பது போல, டிஎன்ஏ சேதமான செல்லை அது நிறுத்துகிறது. சேதம் சின்னதென்றால் பழுது பார்க்கவிட்டு அனுப்புகிறது. பெரிதென்றால் செல்லையே தற்கொலை செய்துகொள்ளச் சொல்கிறது. ஒரு செல் செத்தால் நமக்கு நஷ்டமில்லை, கெட்ட செல் பிழைத்தால்தான் நஷ்டம்.

‘இரண்டு பிரதியும் போக வேண்டும்’ என்ற விதி பி53-இல் கொஞ்சம் பிசகும். நான்கு பி53 புரதங்கள் சேர்ந்து ஒரு கூட்டாகத்தான் அது வேலை செய்கிறது. நான்கு பேர் தூக்கும் சாமிப் பல்லக்கில் ஒருவர் காலை இழுத்தால் மற்ற மூவரும் தடுமாறுவது போல, கெட்ட பிரதியில் பிறந்த புரதம் நல்லதையும் கெடுத்துவிடும். அதோடு கெட்ட பி53 சீக்கிரம் அழியாமல் செல்லில் தேங்கும். பயாப்ஸியில் சாயம் ஏற்றிப் பார்த்துவிட்டு ‘பி53 மியூட்டன்ட் பேட்டர்ன்’ என்று எழுதுவது இதை வைத்துத்தான். அளவுக்கு மீறிக் கருமையாகத் தெரிந்தாலும் கோளாறு, துளிகூடத் தெரியாமல் போனாலும் கோளாறு. நடுத்தரமாக, ஆங்காங்கே தெரிவதுதான் இயல்பு.

செல்கள் அதிகமென்றால் எங்கோ ஒன்றில் பிழை விழும் வாய்ப்பும் அதிகம். அப்படியானால் நம்மைவிடப் பல மடங்கு செல்கள் இருக்கும் யானைக்குப் புற்று வந்துகொண்டே இருக்க வேண்டும். குளிர்காலத்தில் பன்னேருகட்டா காட்டிலிருந்து ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இறங்கி கேழ்வரகுக் கொல்லையை மேய்கிற யானைக் கூட்டத்தில் புற்றுநோயால் சாவது அபூர்வம். 2015-இல் வெளியான ஆய்வில் காரணங்களில் ஒன்று தெரிந்தது. நமக்கு டிபி53 ஒரு ஜோடிதான். ஆப்பிரிக்க யானைக்கு 20 ஜோடி, நம் ஆசிய யானைக்கு 15 முதல் 20 ஜோடி வரை. டிஎன்ஏ சேதமானால் யானையின் செல்கள் நம் செல்களைவிடச் சுலபமாகத் தங்களை அழித்துக்கொள்கின்றன.

## யார் அடித்தது? கைரேகை சொல்லும்

பி53 புரதம் 393 அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. மூன்று டிஎன்ஏ எழுத்துக்கு ஓர் அமிலம். எந்த இடத்தில், எந்த எழுத்து, எதுவாக மாறியது என்று பார்த்தால், சில புற்றுகளில் அடித்தவர் யாரென்றே சொல்லிவிடலாம்.

1. புகையிலைப் புகை. நுரையீரல் புற்றில் ஜி இருக்க வேண்டிய இடத்தில் டி வந்து உட்கார்ந்திருப்பது அதிகம். புகையிலுள்ள பென்சோபைரீன் உடம்புக்குள் மாற்றமடைந்து, டிபி53-இல் அதே இடங்களில்தான் போய் ஒட்டுகிறது என்று 1996-இல் சோதனைக்கூடத்தில் காட்டினார்கள். பீடியானாலும் சிகரெட்டானாலும் புகை புகைதான். வாய்ப் புற்றிலும் பெரும்பாலானவற்றில் டிபி53 அடிபட்டிருக்கும். ‘நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான்’ என்பவர்களுக்கு ஒரு தகவல்: புகையிலை சேராத பாக்கையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இலேயே புற்று உண்டாக்கும் பொருள் என்று உறுதிசெய்து பட்டியலில் சேர்த்துவிட்டது.

2. வெயில். தோல் புற்றில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு சி, இரண்டு டி ஆகியிருக்கும். புற ஊதாக் கதிர் விட்டுச்சென்ற அடையாளம் அது. நம் தோலின் கறுப்பு இதற்கு நல்ல குடை.

3. பூஞ்சைக் கடலை. நிலக்கடலை விளைகிற ஊர்க்காரர்கள் இதைக் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் பார்த்ததில் தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சை இருந்தது. அது கக்கும் நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். இந்த நஞ்சு கல்லீரலில் மாற்றமடைந்து டிஎன்ஏவில் ஜி எழுத்தைப் பிடிக்கிறது. 1991-இல் சீனாவிலும் தென் ஆப்பிரிக்கப் பகுதியிலும், அஃப்ளாடாக்சின் அதிகம் சாப்பிடும் மக்களின் கல்லீரல் புற்றை ஆராய்ந்த இரண்டு குழுக்கள் ஒரே இடத்தில் வந்து நின்றன. டிபி53-இன் 249-ஆவது இடத்தில் ஏஜிஜி என்றிருக்க வேண்டியது ஏஜிடி என்றிருந்தது. ஒரே ஓர் எழுத்து. மஞ்சள் காமாலை பி வைரஸும் உடம்பில் இருப்பவர்களுக்கு இந்த நஞ்சின் ஆபத்து பல மடங்கு கூடுகிறது.

சாதாரணமாக வேகவைப்பதாலும் வறுப்பதாலும் அஃப்ளாடாக்சின் முழுக்கப் போகாது. காய் பிடுங்கிய பிறகு சரியாகக் காயாமல் மூட்டை கட்டுவதும், மழையில் நனைந்த மூட்டையை அப்படியே அடுக்குவதும்தான் பூஞ்சைக்கு வழி. சுருங்கிய பருப்பு, கறுத்த பருப்பு, பச்சைப் பொடி படிந்த பருப்பு, கசக்கும் பருப்பு எல்லாம் பொறுக்கிப் போட வேண்டியவை. ‘செக்குக்குத்தானே, எண்ணெய்க்குப் போகட்டும்’ என்பது சரியல்ல. நஞ்சில் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும், சுத்திகரிக்காத எண்ணெயிலும் கொஞ்சம் வரும். அந்தப் புண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலிலும் அதன் மாற்று வடிவம் இறங்கும்.

இந்த ஊரில் எந்த நோய் என்றாலும் போர்வெல் தண்ணீரைச் சொல்வது வழக்கமாகிவிட்டதால் அதையும் பார்த்துவிடலாம். தர்மபுரித் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது நிஜம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் ஃபுளோரைடு செய்கிற சேதம் பல்லில் மஞ்சள் கறை, எலும்பில் வளைவு. குடிநீர் ஃபுளோரைடு மனிதருக்குப் புற்று உண்டாக்குகிறது என்று சொல்லப் போதிய ஆதாரமில்லை என்ற வகையில்தான் அதே ஆய்வு முகமை அதை வைத்திருக்கிறது. தண்ணீரின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் பாக்கை மெல்லுவது வேலைக்காகாது.

## மரபணு நன்றாக இருந்தும் பிரேக் பிடிக்காத கதை

கர்ப்பப்பை வாய்ப் புற்றில் வினோதமான ஒரு விஷயம். அந்தக் கட்டிகளில் டிபி53 பெரும்பாலும் எழுத்துப் பிழையே இல்லாமல் இருக்கும். ஆனாலும் பி53 வேலை செய்யாது.

காரணம் எச்பிவி என்ற வைரஸ். அது ஈ6, ஈ7 என்று இரண்டு புரதங்களைச் செய்கிறது. ஈ6 போய் பி53-ஐப் பிடித்துச் செல்லின் குப்பைக்கு அனுப்புகிறது. ஈ7 ஆர்பி புரதத்தை முடக்குகிறது. இரண்டு பெரிய பிரேக்கையும் மரபணுவைத் தொடாமலே கழற்றிவிடுகிறது. ‘டிபி53 நார்மல்’ என்று ரிப்போர்ட் வந்தாலும் பிரேக் வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை.

இந்தப் புற்றுக்கு எச்பிவிதான் காரணம் என்று காட்டிய ஹரால்ட் ஸுர் ஹௌசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. 16, 18 என்ற இரண்டு ரக வைரஸே இந்தப் புற்றில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம், இரண்டையும் தடுக்கத் தடுப்பூசி உண்டு. தமிழக அரசின் 2025-26 பட்ஜெட்டில் 14 வயதுப் பெண் குழந்தைகளுக்கு இதைப் படிப்படியாகப் போட 36 கோடி ரூபாய் அறிவித்தார்கள். குடும்பத்தில் யாருக்கும் புற்று இல்லை என்பது இந்த ஊசியைத் தவிர்க்கக் காரணமாகாது. வைரஸ் குடும்ப வரலாறு பார்த்து வருவதில்லை.

## அப்படியானால் பரம்பரை எங்கே வருகிறது?

பெண்களுக்கு வரும் சூலக (ஓவரி) புற்றில் அதிகம் காணப்படும் தீவிர வகையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் பெரிய அளவில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், அந்தக் கட்டிகளில் 96 சதவீதத்தில் டிபி53 கெட்டிருந்தது. அத்தனையும் பரம்பரையா? இல்லை. கிட்டத்தட்ட எல்லாமே அந்தக் கட்டிக்குள் மட்டும் ஏற்பட்ட பிற்காலப் பிழை. பிறவியிலேயே டிபி53 கெட்டிருப்பது மிக அபூர்வமான தனி நோய், லி-ஃப்ரௌமேனி என்று பெயர். அந்தக் குடும்பங்களில் குழந்தைகளுக்கும் இளவயதினருக்கும் எலும்பு, மூளை, மார்பு என்று வெவ்வேறு இடத்தில் புற்று வரும்.

அதே சூலகப் புற்று நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தால் குறிப்பிடத்தக்க ஒரு பங்கினருக்கு பிஆர்சிஏ1 அல்லது பிஆர்சிஏ2 பிறவியிலேயே கெட்டிருப்பது தெரியும். குடும்பம் கவலைப்பட வேண்டிய வரி இதுதான். ரிப்போர்ட்டில் டிபி53 பெரிய எழுத்திலும் இது உள்ளே எங்கோ மூன்றாம் பக்கத்திலும் இருக்கலாம்.

பிஆர்சிஏ1 மரபணு 1994-இலும் பிஆர்சிஏ2 அடுத்த ஆண்டும் அடையாளம் காணப்பட்டன. இதில் ஒன்று பிறவியிலேயே கெட்டிருக்கும் பெண்ணுக்கு வாழ்நாளில் மார்புப் புற்று வரும் வாய்ப்பு 60 சதவீதத்துக்கும் மேல் என்று மேலைநாட்டுக் கணக்குகள் சொல்கின்றன. மீதிப் பேருக்கு வராமலே போகலாம். இரண்டாம் அடி விழாமல் இருந்துவிட்டால் அவ்வளவுதான்.

நம் ஊர்க் குடும்பங்களுக்கென்று மூன்று விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும்.

1. அப்பா வழியும் கணக்கு. மார்புப் புற்று பெண்கள் நோய் என்பதால் ‘அம்மாவுக்கு இருந்ததா, பாட்டிக்கு இருந்ததா’ என்று மட்டுமே விசாரிக்கிறார்கள். பிஆர்சிஏ மரபணுக்கள் 17, 13-ஆம் குரோமோசோம்களில் இருப்பவை, ஆணுக்கும் உண்டு. அப்பாவின் கூடப்பிறந்த அத்தை இருவருக்கு இளவயதில் வந்திருந்தால் அது பேத்தி, மகள் எல்லாருக்கும் பொருந்தும் செய்தி. ஆண்களுக்கும் மார்பு, புராஸ்டேட், கணையப் புற்று வாய்ப்பு கூடும்.

2. பாதிக்குப் பாதி. பெற்றோரில் ஒருவருக்குப் பிறவிப் பிழை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போகும் வாய்ப்பு 50 சதவீதம். ‘குடும்பத்துக்கே இருக்கிறது’ என்பது தவறு. அண்ணனுக்கு இருந்து தம்பிக்கு இல்லாமல் போகலாம். தம்பிக்கு இல்லையென்றால் அவர் பிள்ளைகளுக்கு அவர் வழியாக வர வழியே இல்லை.

3. சொந்தத்தில் கல்யாணம். தாய்மாமனைக் கட்டுவது, அத்தை மகனைக் கட்டுவது இந்தப் பக்கம் சகஜம். அதனால் இந்த வகைப் புற்று கூடுமா? பொதுவாக இல்லை, ஏனென்றால் ஒரு பெற்றோரிடமிருந்து வந்த ஒரு கெட்ட பிரதியே வாய்ப்பைக் கூட்டப் போதும். ஆனால் ஒரே குடும்பத்தில் பிறந்த மாப்பிள்ளை, பெண் இருவரிடமும் அதே பிஆர்சிஏ2 பிழை இருந்தால், பிள்ளைக்கு இரண்டு பிரதியும் கெட்டதாகப் போக நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அந்தக் குழந்தைக்கு ஃபான்கோனி ரத்தசோகை என்ற கடுமையான நோய் வரும். வீட்டில் பிறவிப் பிழை உறுதியாகியிருந்தால், சொந்தத்தில் பேச்சு எடுக்கும் முன்பு மரபணு ஆலோசகரைப் பார்த்துவிடுவது நல்லது.

## பிரேக்கைத் திரும்ப மாட்ட மருந்து உண்டா?

ஆக்ஸிலரேட்டர் சிக்கிக்கொண்டால் அதைப் பிடித்து இழுக்க மாத்திரை செய்யலாம், நிறைய வந்திருக்கின்றன. இல்லாத பிரேக்கை மாத்திரையால் மாட்ட முடியாது. டிபி53-க்கு இவ்வளவு ஆராய்ச்சி நடந்தும் வழக்கமான சிகிச்சையில் அதற்கென்று மருந்து இல்லாததன் காரணம் இதுதான்.

பிஆர்சிஏவில் மட்டும் ஒரு குறுக்குவழி கிடைத்தது. டிஎன்ஏவைப் பழுது பார்க்கச் செல்லிடம் பல வழிகள் உண்டு. பிஆர்சிஏ போன கட்டிச் செல், பார்ப் என்ற இன்னொரு பழுது நொதியைத்தான் பெரிதும் நம்பிப் பிழைக்கிறது. அதையும் அடைத்துவிட்டால் கட்டிச் செல் சாகும். நோயாளியின் மற்ற செல்களில் இன்னும் ஒரு நல்ல பிரதி இருப்பதால் அவை சமாளித்துக்கொள்ளும். ‘இரண்டு பிரதி’ கணக்கு இங்கே நமக்குச் சாதகமாக வேலை செய்கிறது. 2005-இல் சோதனைக்கூடத்தில் காட்டிய இந்த வழி, 2014-இல் ஓலாபரிப் என்ற மாத்திரையாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இப்போது இங்கேயும் எழுதுகிறார்கள், விலைதான் தொண்டையை அடைக்கும். சில கட்டிகள் தங்கள் பிஆர்சிஏ பிழையைத் தாங்களே திருத்திக்கொண்டு மாத்திரைக்குத் தப்பிவிடுவதும் உண்டு.

## ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு

1. முதல் கேள்வி எப்போதும் இதுதான்: எதிலிருந்து எடுத்த சாம்பிள்? பிளாக்கிலிருந்து என்றால் கட்டியின் பிழை. ரத்தம் அல்லது எச்சிலிலிருந்து என்றால் பெரும்பாலும் பிறவிப் பிழை. முதல் பக்கத்தில் ‘ஸ்பெசிமென்’ என்ற வரியில் இருக்கும்.

2. கட்டி ரிப்போர்ட்டில் பிஆர்சிஏ போன்ற பெயர் இருந்து, அதற்கு எதிரே ஐம்பதை ஒட்டி ஒரு சதவீதமும் (படித்த பிரதிகளில் எத்தனை பங்கில் பிழை இருந்தது என்ற கணக்கு) இருந்தால், அந்தப் பிழை பிறவிப் பிழையாக இருக்கலாம் என்ற சந்தேகத்துக்கு இடம் உண்டு. சந்தேகம் மட்டும்தான். ரத்தத்தில் தனியாகச் சோதித்தால்தான் உறுதி.

3. ரத்தச் சோதனையைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள்: எந்த வயதானாலும் சூலகப் புற்று வந்த பெண்கள், நாற்பதுகளிலோ அதற்கு முன்போ மார்புப் புற்று வந்தவர்கள், மார்புப் புற்று வந்த ஆண்கள், இரண்டு மார்பிலும் வந்தவர்கள், விழித்திரைப் புற்று வந்த குழந்தைகள். முதலில் நோய் வந்தவரைத்தான் சோதிக்க வேண்டும். அவரிடம் பிழை கிடைத்தால், அந்த ஒரு பிழையை மட்டும் மற்றவர்களிடம் தேடுவது எளிது, செலவும் குறைவு.

4. ‘வியுஎஸ்’ என்று வந்தால் பொருள் தெளிவாகாத மாற்றம் என்று அர்த்தம். நல்லதா கெட்டதா என்று இன்றைக்குச் சொல்ல முடியாத எழுத்து வேறுபாடு. உலக மரபணுத் தொகுப்புகளில் இந்தியர்கள் குறைவாக இருப்பதால் நமக்கு இது அடிக்கடி வரும். இதை வைத்து அறுவை சிகிச்சைக்கும் போகக் கூடாது, சம்பந்தத்தையும் நிறுத்தக் கூடாது. சில வருடம் கழித்து ஆய்வகமே அதை ‘கவலையில்லை’ என்று மாற்றி எழுதுவதுதான் அதிகம்.

5. வேலை முடிந்ததும் பிளாக்கைக் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள். பீரோவில், வெயில் படாத தட்டில், பெயரும் தேதியும் எழுதிய கவரில் வையுங்கள். நோயாளி போய்ச் சேர்ந்த பிறகும், மகளுக்கு ஒரு சந்தேகம் வருகிற நாளில் அந்த மெழுகுத் துண்டிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பார்க்க முடியும்.